படவேட்டில் தேவையற்ற நிறுத்தங்கள்

அன்று காலை ஆரணிக் கிடங்கில் இருந்தவர்கள். கிடங்கு மேனேஜர். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர். அவரோடு வந்த லேப்டாப் பெண். சுவரில் மாட்டிய டிவிக்குள் ஒரு வெள்ளைக்காரர், சரக்கு வாங்குகிற கம்பெனி ஆள். தேவிகாபுரம் லைன் டிரைவர். கலசப்பாக்கம் லைன் டிரைவர். படவேடு லைன் டிரைவர், அது நான். எனக்குப் பக்கத்து நாற்காலியில் படவேட்டு அக்கா. கதவோரம் டீக்கடைக்காரர், காலி டம்ளருக்காக நின்றுகொண்டிருந்தார்.

அக்காவை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் வண்டியில் ஏற்றி வந்தேன். படவேடு லைனை நிறுத்தப் போகிறார்கள் என்று முந்தின நாள் காதில் விழுந்தது. நான் சொன்னால் டிரைவர் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். வேலை செய்கிறவரே வந்து சொல்லட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வேலை இதுதான். ஆரணியில் பட்டு சால்வை நெய்கிறார்கள். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற சால்வை. தறியிலிருந்து அறுத்தால் இரண்டு ஓரமும் நூல் தொங்கும். அதை முடிந்து குஞ்சம் கட்ட வேண்டும். ஊர்ப்பக்கத்துப் பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கட்டுவார்கள். நான் என் குட்டியானை வண்டியில் சால்வையை வீடு வீடாக இறக்கிவிட்டு, கட்டி முடித்ததை ஏற்றி வருவேன். ஆரணியில் இஸ்திரி போட்டுப் பெட்டி கட்டுவார்கள். லாரியில் சென்னைத் துறைமுகம் போகும். அங்கிருந்து கப்பல்.

படவேட்டில் மட்டும் நாற்பத்தொரு வீடு.

அந்த வீடுகளில் அக்கா வீடும் ஒன்று. மலைக்குப் போகிற பக்கம், கடைசித் தெரு. வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கட்டிலோடு இருக்கிறார். அக்கா சால்வையின் ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறு முனையை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுவார். நூல் விறைப்பாக இருந்தால்தான் முடிச்சு ஒரே வரிசையில் விழும். இன்னொரு வசதியும் உண்டு. வீட்டுக்காரர் கட்டிலில் அசைந்தால் நூலும் அசையும். அக்கா முகம் திருப்பாமலே எழுந்துபோய் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து முடிவார்.

வண்டி வீட்டுக்கு வந்தால் அக்காவுக்கு வேலை உண்டு. வராவிட்டால் இல்லை. அன்று கிடங்கில் இருந்த எல்லோருக்கும் இது ஒன்றைத்தான் சொல்ல வந்தோம். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார். மதியத்துக்குள் திரும்ப வேண்டும்.

இன்ஜினியர் டிவியில் மேப்பைப் போட்டார். நெட்வொர்க் டிசைன் என்றார். வெளிநாட்டுக் கடையில் சால்வை எந்தத் தேதிக்குத் தொங்க வேண்டும் என்று முதலில் வைத்துக்கொள்வார்களாம். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வருவார்களாம். கப்பல் என்று கிளம்ப வேண்டும், கண்டெய்னரை என்று மூட வேண்டும், லாரி எப்போது ஆரணியை விட வேண்டும், என் வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும். எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை.

மேப்பில் ஆரணியிலிருந்து இரண்டு பச்சைக் கோடு கிளம்பியது. ஒன்று தேவிகாபுரம். ஒன்று கலசப்பாக்கம். மலைப் பக்கம் எதுவும் இல்லை.

"மூணு லைன் இனிமே ரெண்டு லைன்" என்றார் இன்ஜினியர். "படவேட்டுல வால்யூம் இல்ல. அங்க இருக்கிறவங்க வேணும்னா ஆரணி ஹப்புக்கு வந்து வேலை பாக்கலாம். ஹால் எடுத்தாச்சு. ஃபேன் இருக்கு."

"வால்யூம் எப்டிங்க சார் இல்லாத பூட்டுது?" என்று கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு தபா வண்டி நெறம்பி வருது."

"சிஸ்டத்துல அப்படி இல்லையே."

மேனேஜரைப் பார்த்தேன். என் வண்டி மூட்டையை அவர்தான் வாரம் இரண்டு முறை எண்ணி இறக்குகிறார். எந்த ஊர் மூட்டை என்று எழுதமாட்டார், ஆரணி கிடங்கு வரவு என்று ஒரே வரியில் ஏற்றிவிடுவார். ஆனால் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "எங்க ஊரு எங்கம்மா கீது அதுல?"

லேப்டாப் பெண் மேப்பைப் பெரிதாக்கினாள். மலை வந்தது. ரோடு வந்தது. சாம்பல் கலரில் ஒரு புள்ளி வந்தது.

"இதோ ஆன்ட்டி. ஒரே ஒரு பாயிண்ட்."

"பாயிண்ட்டுன்னா?"

"ஒரு வீடு. உங்க ஊர்ல ஒரு வீடுதான் நம்ம லிஸ்ட்ல இருக்கு."

"யார் வூடு?"

அந்தப் பெண் இன்னும் பெரிதாக்கினாள். மேலேயிருந்து எடுத்த படம். ரேஷன் கடை ஓட்டுக்கூரை. பக்கத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

அக்கா பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அது வூடு இல்லம்மா. தண்ணி டேங்கு."

தேவிகாபுரம் டிரைவர் தொடையில் தட்டினார். "டேங்கு குஞ்சம் கட்டுதாண்டா."

"தண்ணியில நனச்சி நனச்சி கட்டும்போல" என்றார் கலசப்பாக்கம் டிரைவர். டீக்கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதற்கு முந்தின பங்குனியில் எல்லாப் பெண்கள் போனுக்கும் ஒரு செய்தி வந்தது. உங்கள் லொகேஷன் அனுப்புங்கள், பட்டனை அழுத்துங்கள் என்று. படவேட்டில் மலை அடியில் வீட்டுக்குள் சிக்னல் வராது. போனில் எது செய்வதானாலும் தண்ணீர் டேங்குப் படிக்கட்டுக்குத்தான் போக வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது அங்கே. நூறு நாள் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது அங்கே. வெளியூரில் இருக்கும் மகளோடு பேசுவது அங்கே. எந்தப் படியில் யார் உட்காருவது என்பதற்குக்கூட ஒரு வழக்கம் உண்டு. அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து போனார்கள். நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். பூ வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நீங்கள் உங்கள் இடத்தில்தான் இருக்கிறீர்களா என்று போன் கேட்டதாம். ஆமாம் என்று அழுத்தினார்கள். போன் வேலைக்கு அதுதானே அவர்கள் இடம்.

ஊர் மொத்தமும் ஒரே படிக்கட்டிலிருந்து அழுத்தியது. ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துப்போட்டது. ஒரு வீட்டுக்காக மலை அடி வரை வண்டி எதற்கு என்று அந்த ஒன்றையும் வெட்டியது.

இது இன்ஜினியருக்கும் புரிந்தது. அவர் ஒன்றும் மந்தமில்லை. நான் பாதி சொல்வதற்குள் தலையாட்டினார். "டேட்டா எரர்" என்றார். "ஆனா டிசைன் லாக் ஆயிடுச்சு. அடுத்த சீசன் பாக்கலாம்."

"தப்புன்னு தெரிஞ்சிபோச்சே சார்."

"தெரிஞ்சிது. பட் அப்ரூவ் ஆயிடுச்சுங்க."

அப்போது டிவியிலிருந்த வெள்ளைக்காரர் ஏதோ கேட்டார். நாங்கள் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்கும். என்ன விஷயம் என்று கேட்டிருப்பார். இன்ஜினியர் டிவியைப் பார்த்துத் திரும்பி, "நோ இஷ்யூஸ்" என்றார்.

நான் எட்டாவது தாண்டவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குத் தெரியும். வண்டியை சர்வீஸ் விட்டு எடுக்கும்போது மெக்கானிக் சொல்வான். அப்படிச் சொல்லுமுன் அவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பான்.

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் பிரச்சன இல்லயாம்க்கா."

"யாருக்கு?"

நான் எழுந்து நின்றேன். அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்டேன். மேனேஜர் அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ ஒக்காரு. ஒன் வண்டி ரிப்போர்ட்ட எட்த்து வெச்சா தெரியும் ஒன் லட்சணம். படவேட்டுல எத்தினி எடத்துல சும்மா சும்மா நிறுத்திகினு கீற. பேஜார் புடிச்ச லைனு."

என் வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறார்கள். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கிற பெட்டி. ஒவ்வொரு நடை முடிந்ததும் என் போனுக்குச் செய்தி வரும். தேவையற்ற நிறுத்தங்கள் இத்தனை என்று. படவேடு நடைக்கு எப்போதும் நாற்பத்தொன்று.

அக்கா மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். "எங்க வூட்டாண்டதான் சார் நிறுத்துது தம்பி. வூட்டாண்ட நிறுத்தாம பின்ன ஏரியிலயா நிறுத்தும்?"

லேப்டாப் பெண் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டாள்.

அதோடு முடிந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்காரர் போனார்.

திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் அக்கா சொன்னார். "சேர் போட்டு ஒக்கார வெச்சாங்க. டீ குட்த்தாங்க. வேலய மட்டும் எட்த்துகினாங்க."

"இன்னொரு தபா பேசிப் பாக்கறேங்க்கா."

"நீ பேசி ஒன் வேலயயும் வுட்டுறாத தம்பி."

ஆடியில் லைனை நிறுத்தினார்கள். நிறுத்தியதிலும் ஒரு அழகு பாருங்கள். கடைசி நடையில் சால்வைகளை வழக்கம்போல் வீடு வீடாக இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். கட்டி முடித்ததை எடுத்து வருகிற நடை புது டிசைனில் இல்லை. சரக்கு படவேட்டில் நின்றுபோனது. கடல் தாண்டிப் போகும் வழியையெல்லாம் கணக்குப் போட்டவர்கள், இறக்கிய மூட்டையைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள்.

என்னைக் கலசப்பாக்கம் லைனுக்கு இரண்டாவது வண்டியாகப் போட்டார்கள். படவேட்டுப் பக்கம் திரும்பினால் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா தன் சால்வைகளைக் கட்டி முடித்து, வெள்ளை வேட்டியில் மூட்டையாகக் கட்டி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படியே செய்தார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கிடங்கில் வைத்தேன். மேனேஜர் காலால் தன் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"ஸ்கேன் ஆவாத சரக்கு. எங்கேந்து வந்துச்சின்னு சிஸ்டத்துல இல்ல. உள்ள எடுக்க முடியாது."

"எங்கேந்து வந்துச்சின்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சா போதுமாடா?"

கண்டெய்னர் மூடுகிற நாள் வந்தது. பெட்டி குறைந்தது. சென்னையிலிருந்து போன் மேல் போன். மேனேஜர் கிடங்கு முழுக்க ஓடினார். எங்கடா போச்சு சால்வை என்று எல்லோரையும் கேட்டார். அவர் மேஜைக்கு அடியில்தான் இருந்தது, வெள்ளை வேட்டி மூட்டையாக. ஜல்தி ஜல்தி என்று பிரித்து இஸ்திரிக்குப் போட்டார்கள். அப்போது ஸ்கேன் என்று யாரும் கேட்கவில்லை.

மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பைக்கில் படவேடு போனேன். டேங்குப் பக்கத்தில் செருப்புக் கம்பெனி வேன் நின்று போகிற இடம் என்று புதிதாக ஒரு தகடு அடித்திருந்தார்கள். குஞ்சம் கட்டியவர்களில் வீட்டை விட்டு வர முடிந்தவர்கள் அந்த வேனில் ஏறிவிட்டார்களாம். விடியும் முன்னால் போய் இருட்டிய பிறகு திரும்புவார்களாம். அந்த வேன் டிரைவருக்கு லொகேஷன் சுலபம். ஒரே இடம்.

அக்கா வீட்டில் கட்டில் காலில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் கன்னத்தில் காயம் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்துக் கழனிக்குக் களை எடுக்கப் போகிறார். காலையில் போய் சோற்று வேளைக்கு வருகிறார். அந்த நேரத்தில் ஒரு நாள் இவர் தானாகப் புரளப் பார்த்துக் கீழே விழுந்திருக்கிறார். அக்கா வரும் வரை தரையில்தான் கிடந்தார். பக்கத்து வீட்டுப் பெண் செருப்புக் கம்பெனிக்குப் போய்விட்டாள். கூப்பிட ஆள் இல்லை.

"கூப்டலயா நீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முன்னெல்லாம் கூப்டவே வேணாம்" என்றார் வீட்டுக்காரர். "நூலு சொல்லிடும்."

அக்கா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "அந்த டிவிக்காரருக்கு இது தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"தெரியாதவரு மேல இன்னா கோவம். தெரிஞ்சவங்கதான் ரெண்டு பேரு அங்க ஒக்காந்துகினு இருந்தாங்களே."

அவர் சரியாக எண்ணினார். அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் மேல் இல்லை. அதற்கு டேங்கைத்தான் காட்டினார்கள், டேங்கை எடுத்துக்கொண்டது. டிசைன் மேலும் இல்லை. ஒருவர் மூட்டையை எண்ணி இறக்கியவர். ஒருவர் எங்கள் எதிரில் தப்பைக் கண்டுகொண்டவர். இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் தரையில் கிடந்திருக்கமாட்டார். சொல்வதற்கு அவர்களுக்கு என்ன கேடு வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வந்திருக்காது. வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்திருக்கும். அவ்வளவுதான்.

மார்கழியில் லேப்டாப் பெண் போன் செய்தாள்.

"அண்ணா, உங்க வண்டிப் பெட்டி சிக்னல் இல்லனாலும் இடத்தை எழுதி வெச்சுக்கும். மெயின் ரோட்டுக்கு வந்ததும் அனுப்பிடும். நீங்க நின்ன இடம் எல்லாத்தையும் வீடுன்னு போட்டு கம்ப்யூட்டர்ல மறுபடி ஓட்டிப் பாத்தேன். படவேடு லைன் வருது."

"இத அன்னிக்கே பாத்திருக்கலாமேம்மா."

"அன்னிக்கே பாத்தேன் அண்ணா. அனுப்பினேன். இப்பதான் ஒருத்தர் திறந்து படிச்சாங்க."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றி சொன்னேன்.

தை பிறந்ததும் லைன் திரும்ப வந்தது. மேப்பில் மூன்றாவது பச்சைக் கோடு. இன்ஜினியர் டிவியில் அதைக் காட்டி, களத்துக்கே போய்ப் பார்த்துத் திருத்தியது என்று பேசினார். களத்தில் அவர் கால் பட்டதை நான் பார்க்கவில்லை. மேனேஜர் என் தோளில் கை வைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, படவேடு நல்ல லைனுன்னு?"

கையை எடுத்துவிட்டேன். "எப்ப சொன்னீங்க?"

"மனசுல சொன்னேன்பா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் நடை போனேன். ஹாரன் அடித்தேன். முன்பெல்லாம் ஒரு ஹாரனுக்குத் தெருவே வாசலுக்கு வரும். பல வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டுப் பெண்கள் செருப்புக் கம்பெனியில். திரும்ப வருவார்களா என்று பக்கத்து வீடுகளில் கேட்டதற்கு, லைனை மறுபடி நிறுத்தமாட்டார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார்கள். பூட்டிய வீடுகளில் நிறுத்தாமல் போனேன்.

கடைசித் தெருவில் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூட்டையை வாங்கி அங்கேயே பிரித்தார். நான் வண்டியைத் திருப்புவதற்குள் ஒரு சால்வையின் முனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டார். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே அசைந்தார். நூல் ஆடியது.

"சும்மா படுத்துகினு இரு" என்றார் அக்கா. "மொத முடிச்சே கோணலா பூடும்."

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போனில் அதே பழைய செய்தி வந்தது. லைன் திரும்ப வந்தும் இது ஏன் வருகிறது என்று மேனேஜரிடம் கேட்டேன். வண்டிப் பெட்டி வேறு கம்பெனியாம். அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையாம். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு நடைக்கும் வருகிறது. நேற்றும் வந்தது.

தேவையற்ற நிறுத்தங்கள்: 23.